மோட்டார் ரூம் வரைக்கும்

எங்கள் முதலாளி மருதாசலம் ஒரு அறைக்குள் நுழைந்தால் முதலில் ஃபேன் நிற்கும், அப்புறம் லைட் போகும், அதற்கும் அப்புறம்தான் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார். அவருடைய பனியன் கம்பெனியில் நான் செக்கிங் டேபிளில் நின்ற காலத்தில், இருட்டில் கையில் பீஸைப் பிடித்துக்கொண்டு, "மொதலாளி, நாங்க இருக்கோம்!" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். "இருந்தாச் சொல்லோணுமுங்கல்லொ" என்று மறுபடியும் போட்டுவிட்டுப் போவார். போகும்போது ஒரு லைட்டை அமத்திவிட்டுத்தான் போவார்.

கஞ்சன் என்று நானே வாய்விட்டு வைதிருக்கிறேன். வெறும் கஞ்சத்தனம் இல்லை. ஒரு பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய அவசரத்தில் எவனோ அயர்ன் பாக்ஸை அமத்தாமல் போய், கட்டி வைத்திருந்த சரக்கு அறையோடு கருகிப்போனது. அன்றிலிருந்து அவர் யாரையும் நம்பவில்லை. வேலை முடிந்ததும் தானே சுற்றி வருவார். கட்டிங் டேபிள், ஓவர்லாக் வரிசை, அயர்ன் டேபிள், கக்கூஸ், வாசல். கடைசியில் மெயின் சுவிட்சை இறக்கி, அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்புறம்தான் பூட்டு. அந்தச் சுற்று முடியாமல் அவர் வீட்டுக்குக் கிளம்பி நான் பார்த்ததே இல்லை.

நான் விஜயராணி, சாத்தூர்ப் பக்கத்துக்காரி. பிழைக்க வந்து, பெருமாநல்லூருக்கு வடக்கே முதலாளி வீட்டார் தோட்டத்து ஓரத்தில் கட்டிவிட்டிருக்கும் லைன் வீட்டில் குடியிருக்கிறேன். கால் நரம்பு சுருண்டு நிற்க முடியாமல் போனதிலிருந்து வீட்டிலேயே உட்கார்ந்து, தைத்த துணிகளில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நூலை வெட்டிக் கொடுக்கிறேன். பக்கத்து அறைகளில் பீகார்ப் பையன்கள். என் வாசற்படியில் உட்கார்ந்தால் முதலாளி வீட்டுக் கிழக்கு வாசல், மாடு கட்டும் கட்டுத்தறி, மோட்டார் ரூம், அதற்குப் பின்னால் கிணறு, எல்லாம் வரிசையாகத் தெரியும். பிசிறு வெட்டுகிறவளுக்குக் கைக்குத்தான் வேலை, கண்ணுக்கு வேலை இல்லை. அதனால் நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

முதலாளிக்கு ஞாபகம் கழன்றுபோகத் தொடங்கியதும் கம்பெனியை மகன் தரணீதரன் எடுத்து வேலம்பாளையத்தில் பெரிதாக நடத்துகிறான். அங்கேயே மூன்றாவது மாடியில் வீடு. அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப் போய் வைத்துப் பார்த்தான். அந்த மாடிக் கட்டடம் முழுக்க மாடிப்படி லைட்டை எல்லாம் முதலாளி அமத்திக்கொண்டே போய், இருட்டில் எவரோ விழுந்து, சண்டையாகி, தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டார்கள். சாப்பிட்டதை மறந்தார். தேதியை மறந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிரில் உட்கார்ந்திருந்த மகனைக் காட்டி, "ஏம் புள்ள, இந்தப் பையன் ஆரு?" என்று மனைவியைக் கேட்டார். தரணீதரன் சிரித்துச் சமாளித்துவிட்டுக் கட்டுத்தறிப் பக்கம் போய் மாட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதான்.

சுவிட்சை மட்டும் அவர் மறக்கவில்லை. பொழுது சாய்ந்து அவர் மனைவி குழந்தையக்கா விளக்கு வைத்து முடித்ததும் எழுந்துவிடுவார். ஹால், கிழக்கு வாசல், கட்டுத்தறி, மோட்டார் ரூம். கடைசி லைட்டை அமத்தி, சுவிட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நேராக வீட்டுக்குத் திரும்பி வந்து, "சோத்தப் போடு புள்ள" என்பார். குழந்தையக்கா அவர் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக மறுபடி போட்டுவிட்டு வரும்.

ஆவணியில் ஒரு நாள் அவர் திரும்பி வரவில்லை. அன்றைக்குப் பராமரிப்பு வேலை என்று காலையிலேயே கரண்டை நிறுத்தியவர்கள் பொழுது இறங்கியும் விடவில்லை. குழந்தையக்கா அரிக்கேன் விளக்கோடு தேடிக்கொண்டு வந்து என்னைக் கூப்பிட்டது. கிணற்றுப் படியில் கடைசிக் கல்லில், தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அது சாமானியக் கிணறு இல்லை. பாறையை வெடிவைத்துத் தோண்டிய சதுரக் கிணறு; சுற்றுச்சுவர் கிடையாது; ஒரு பக்கம் கல்படி. பாதி ஆழத்தில் பாறையிலேயே ஒரு மேடை செதுக்கி, அந்தக் காலத்து மோட்டாரையும் ஸ்டார்ட்டர் பெட்டியையும் அதில்தான் வைத்திருந்தார்கள். போர்வெல் போட்டு மேலே மோட்டார் ரூம் கட்டியதும், மெயின் மாதிரியே கைப்பிடி வைத்த அந்தப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டார்கள். மோட்டார் ரூமிலிருந்து அதற்குப் போகும் செத்த கேபிள் மட்டும் பைப்பை ஒட்டியே கிணற்றுக்குள் இறங்கும்.

மறுநாளே தரணீதரன் வந்தான். கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி, அதற்கு ஒரு இரும்புக் கேட். அதோடு, வேலம்பாளையத்தில் கேமரா மாட்டும் கடை வைத்திருக்கும் இசக்கிமுத்துவையும் கூட்டிவந்தான். இசக்கிமுத்து வள்ளியூர்க்காரன். வாய் ஓயாது, கையும் ஓயாது. தெக்கத்திப் பேச்சைக் கேட்டதும் எனக்கு ஒட்டுதல் வந்துவிட்டது.

"இது என்னப்பா, குமிழு பல்பு மாதிரி?" என்று கேட்டேன்.

"பல்புதாங்க்கா. ஆனா பேசும். கேட்ல வச்சிருக்கேம்லா சின்ன சாமான், அது பேட்டரில ஓடுறது. அதுக்குத் தொண்ட கம்மி. கேட்டு தொறந்தா அது கத்தும், ஆனா வீடு வரைக்கும் கேக்காது. அத மோட்டார் ரூம் பல்பு கேட்டுக் கட்டுத்தறி பல்புட்ட சொல்லும். கட்டுத்தறி வாசல்ட்ட சொல்லும், வாசல் ஹால்ட்ட சொல்லும். கட்டட வேலைல செங்கல்ல கை மாத்தி விடுவாவள்லா, அது மாரி."

"நடுவுல ஒருத்தன் டீ குடிக்கப் போயிட்டா?"

"அடுத்த பல்பு எட்டி வாங்கிக்கிடும். ஆனா மோட்டார் ரூம் பல்பு போச்சுன்னா கேட்டுச் செங்கல் அங்கனயே நின்னுரும். அதான் இந்த பல்புக்கெல்லாம் எப்பவும் கரண்டு இருந்துக்கிட்டே இருக்கணும். அமத்தணும்னா போன்ல அமத்தலாம், அப்ப வெளிச்சம் போகும், பேச்சுப் போகாது. செவத்துச் சுவிச்சத் தொடவே கூடாது. இதுக்குப் பேரு மெஷ்ஷுக்கா. வலைன்னு வச்சிக்கிடுங்க."

"வலையா? என்னத்தப் பிடிக்க?"

"மனுசனத்தான்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

குழந்தையக்கா கையில் ஒரு போனைக் கொடுத்து, திரையில் வீட்டுப் படத்தைக் காட்டினார்கள். ஹால், வாசல், கட்டுத்தறி, மோட்டார் ரூம், கேட், ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைப் புள்ளி. தொடர்பு அறுந்தால் புள்ளி சாம்பலாகும். கேட் திறந்தால் சமையலறையில் வைத்திருக்கும் பெட்டி ஒரு பெண் குரலில் கத்தும். அதே படம் தரணீதரன் போனிலும் தெரியும். கிணற்றைப் பார்த்து ஒரு கேமராவும் வைத்தார்கள். அதில் சிவப்பாக ஒரு லைட் எரிவதைப் பார்த்துவிட்டு முதலாளி அன்றைக்கே வயரைப் பிடுங்கிப்போட்டார். மாட்ட மாட்டப் பிடுங்கினார். கேமராவை விட்டுவிட்டார்கள்.

முதல் வாரம் முதலாளிக்குக் காய்ச்சல், படுக்கையிலேயே கிடந்தார். வலை கொஞ்சமும் அசையவில்லை. இசக்கிமுத்து மீசையை முறுக்கினான். காய்ச்சல் விட்டு எழுந்தார். அன்று சாயங்காலமே வலை அறுந்தது. மறுநாளும் அறுந்தது. இசக்கிமுத்து ஓடிவந்தான். கட்டுத்தறித் தகரம் மறிக்கிறது என்று பல்பை இறக்கிக் கட்டினான். வைஃபை பெட்டி பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே தடத்தில் மோதுகிறது என்று அதைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தான். பீரோவை நகர்த்தச் சொன்னான்.

"வலைய அறுக்குறது தகரமும் இல்ல, பீரோவும் இல்லப்பா" என்றேன். "எங்க மொதலாளி."

அவன் ஒத்துக்கொள்ளாமல் அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து கண்ணால் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். சுவிட்ச் மேல் டேப் ஒட்டினான். முதலாளி நகத்தால் சுரண்டி எடுத்தார். 'தொடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினான். முதலாளி அதை எழுத்துக்கூட்டி மரியாதையாக வாசித்தார். "செரிங்க" என்றார். அமத்தினார்.

இதில் ஒரு விசேஷம், இந்த வலை அறுவது குழந்தையக்காவுக்குப் பிடித்துப்போனது. ஒரு நாள் பால் வாங்கப் போனேன். அக்கா அரிசியும் பருப்பும் குக்கரில் போட்டுவிட்டு, போனை மிளகாய்த்தூள் டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

"இங்க பாரு ராணி. ஹால் போச்சா? இப்ப வாசல்ல நிப்பாரு. சித்தெ இரு... இதா, வாசலும் போச்சு. செருப்பத் தேடுவாரு. இனிக் கட்டுத்தறி."

கொஞ்ச நேரத்தில் கட்டுத்தறிப் புள்ளியும் சாம்பலாயிற்று. எனக்கு என்னவோ போல இருந்தது. ஒரு மனுசன் நடக்க நடக்க ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகிறது.

"மோட்டார் ரூமும் போச்சுன்னா வையி, கும்புட்டுட்டுத் திரும்பீருவாரு. நான் அப்ப எந்திரிச்சுத் தட்டு வெச்சாச் செரியா இருக்கும். முன்னயெல்லாம் பொறத்தாலயே ஓடோணும். பொறத்தால வந்தா அவருக்குக் கோவம் வருது, என்னைய என்ன கொழந்தைன்னு நெனச்சியான்னு. இப்ப உக்காந்த எடத்துல தெரியுது. உன்ற இசக்கி நல்லதுதான் பண்ணியிருக்கறான்."

"அவன் இதுக்கா பண்ணினான்? அவன் கேட்டா அழுதுருவான்க்கா."

அக்கா சிரித்தது. ரொம்ப நாளைக்கப்புறம் அது சிரித்து நான் பார்த்தேன்.

தரணீதரனுக்கு இது சிரிப்பாக இல்லை. தினமும் சரக்கு அனுப்புகிற நெருக்கடியில் போன் கத்தும். தொடர்பில் இல்லை. தொடர்பில் இல்லை. அம்மாவுக்குப் போடுவான். அக்கா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தால் எடுக்காது. ஒரு நாள் அப்படி எடுக்காமல் போக, வண்டியை முறுக்கிக்கொண்டு வந்தவன் லாரிக்கு அடியில் போகப் பார்த்தான். முழங்கை முழுக்கச் சிராய்ப்போடு வாசலில் வந்து நின்றான். அப்பா சோறு தின்றுகொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு இசக்கிமுத்துவையும் கூட்டிவந்தான். நான் வெட்டிய பீஸ் மூட்டையை வண்டியில் ஏற்றிவிட வந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஏனுங்கம்மா, ரோசனை பண்ணிப் பாருங்க. மோட்டார் ரூம் பல்பு செத்தா அதுக்குப் பொறத்தால இருக்கற கேட்டும் செத்த மாதிரிதான். அந்நேரத்துல கேட்டத் தொறந்துட்டுப் போனா ஆருக்குங்க தெரியும்?"

"அத அமத்துனா அவரு திரும்பி வந்தர்றாரு கண்ணு. ஒரு நாளாச்சும் அதத் தாண்டிப் போயிருக்கறாரா?"

"ஆவணியில போனாருங்களே, அது ஏனுங்க?"

அக்கா அவன் முழங்கைக் கட்டைத் தொட்டுப் பார்த்தது.

இசக்கிமுத்துதான் வழி சொன்னான். "சுவிச்ச எடுத்துட்டா ஐயா கோவப்படுவாவ. சுவிச்சு அப்படியே இருக்கட்டும். வயர மட்டும் நேரா பல்புக்குக் குடுத்துருதேன். சுவிச்சு வெறும் பொம்ம. அவிய பாட்டுக்கு அமத்திக்கிடட்டும், திருப்தியாவும் இருக்கும், நம்ம வலையும் அறாது."

கேட்கிறதற்கு நன்றாகத்தான் இருந்தது. குழந்தையக்கா மட்டும் மகன் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னது: "சாமி, ஒண்ணே ஒண்ணு. மோட்டார் ரூமுத மட்டும் உட்டுரு. அது அவரு அமத்தறதாவே இருக்கட்டும்."

"அதுதானுங்கம்மா முக்கியமானதே. ரெண்டு நாளு பொறுங்க, பழகிக்குவாரு."

அவன் மேல் நான் குறை சொல்ல மாட்டேன். முழங்கையில் கட்டோடு நின்றுகொண்டு சொல்கிற பிள்ளையிடம் யார் வாதாடுவார்கள்?

அன்று சாயங்காலம் முதலாளி ஹால் சுவிட்சைத் தட்டினார். லைட் எரிந்தது. மறுபடி தட்டினார். எரிந்தது. சுவிட்சைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், திரும்பவும் சுவிட்சைப் பார்த்தார்.

"அமர மாட்டீங்குது புள்ள."

"நான் அமத்தறனுங்க" என்று அக்கா போனைத் தொட்டு அணைத்தது. ஹால் இருண்டது. இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது: "நான் அமத்துலீல்லொ?"

அதற்கப்புறம் அவர் ஹாலை விட்டு நகரவில்லை. டக், டக் என்று அந்தச் சத்தம் என் வாசல் வரைக்கும் கேட்டது. பக்கத்து அறையில் பீகார்ப் பையன்கள் போனில் ஊர்ப்பாட்டுப் போட்டிருந்தார்கள், அதையும் மீறிக் கேட்டது. போய்ப் பார்த்தேன். உள்ளங்கை வேர்த்து, சுவிட்ச் பலகை எல்லாம் ஈரம். "ராணி, அயர்ன் டேபிள்ல ஆரு இருக்கறாங்க? அமத்தச் சொல்லு, அமத்தச் சொல்லு" என்றார். என் பெயர் அவருக்கு ஞாபகம் இருந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது.

வேலம்பாளையத்திலிருந்து தரணீதரன் பேசினான். அவன் குரலில் அவ்வளவு நிம்மதி. "முத தடவையா எல்லாமே பச்சைங்கம்மா. நான் இன்னைக்கு நல்லாத் தூங்குவனுங்க."

அக்கா போனை வைத்துவிட்டு என்னிடம்தான் சொன்னது: "எனக்கு வெசனமா இருக்குது ராணி. முடியாத வேலையோட அவரு ஒறங்கப் போனதே இல்ல."

அடுத்த நாளும் அதே டக், டக். சோற்றைத் தொடவில்லை. அதற்கடுத்த நாள் ஐப்பசி மழை வருகிற மாதிரி மத்தியானமே மூடிக்கொண்டு வந்தது. காற்று தென்னை மட்டைகளைப் போட்டு அடித்தது. மாடு கத்திக்கொண்டே இருந்தது. நான் பால் செம்போடு போனபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. அக்கா சமையலறையில் கொள்ளு கடைந்துகொண்டிருந்தது. ஹாலில் சுவிட்ச் சத்தம். நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்காத மாதிரி மழையைப் பற்றிப் பேசினோம்.

பேச்சு நடுவில் சத்தம் நின்றது.

"அப்பாடா" என்றேன். வாயில் வந்துவிட்டது.

"சோர்ந்து படுத்துட்டாராட்ட இருக்குது. படுக்கட்டும்" என்றது அக்கா. கொள்ளைத் தாளித்து இறக்கிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனது. கட்டிலில் அவர் இல்லை.

"ஏனுங்க?" என்றது. "ஏனுங்க?"

நான் போனை எடுத்துப் பார்த்தேன். ஹால் பச்சை. வாசல் பச்சை. கட்டுத்தறி பச்சை. மோட்டார் ரூம் பச்சை. கேட் மூடியிருக்கிறது, பச்சை. சமையலறைப் பெட்டி வாயே திறக்கவில்லை.

"உள்ளதான் இருக்காகக்கா. எல்லாம் பச்சையா இருக்கு" என்றேன்.

அதை நம்பி வீட்டுக்குள்ளேயே தேடினோம். கட்டிலுக்கு அடியில் பார்த்தோம். குளியலறையில் பார்த்தோம். மாடிக்கு ஏறினோம். பழைய மிஷின்கள் போட்டு வைத்திருக்கும் அறையைத் திறந்து, ஒவ்வொரு மிஷினுக்குப் பின்னாலும் பார்த்தோம். ஒரு தடவை சாம்பலாகியிருந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்திருக்கும். அந்தப் பாழாய்ப்போன பச்சை எங்களை வீட்டுக்குள்ளேயே கட்டிப்போட்டது.

மழை பிடித்துக்கொண்டது. நான்தான் டார்ச்சோடு வெளியே ஓடினேன். கட்டுத்தறிச் சுவிட்ச் பலகை பாதி பெயர்ந்து தொங்கியது. மோட்டார் ரூமில் பலகையே இல்லை, கீழே உடைந்து கிடந்தது. லைட் மட்டும் நின்று எரிந்தது. கேட்டை இழுத்துப் பார்த்தேன், தாழ் போட்டபடி. டார்ச்சை வேலியோடு ஓட்டினேன். பைப் போகிறதற்காகக் கம்பியை அறுத்துவிட்டிருந்த சந்தில் அவர் துண்டு சிக்கியிருந்தது. அந்தப் பக்கம் சேற்றில் ஒரு செருப்பு. சுவரிலிருந்து புறப்பட்ட பழைய கேபிளைக் கையாலேயே பிடித்துக்கொண்டு, அது போகிற வழியாகவே போயிருக்கிறார். மெயினைத் தேடித்தான் போயிருக்கிறார்.

நான் போட்ட கூச்சலில் பீகார்ப் பையன்கள் ஓடிவந்தார்கள். "ரஸ்ஸி, ரஸ்ஸி" என்று ஒருவன் கத்தினான். கயிறு கொண்டுவந்து, ஒருவன் படி வழியாக இறங்கி, இன்னொருவன் தண்ணீரில் குதித்தான். தரணீதரன் வந்து சேர்ந்தபோது மேலே கொண்டுவந்து கிடத்தியிருந்தோம். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அவன் சட்டைப்பையில் போன் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

முதலில் இறங்கிய பையன்தான் அதைச் சொன்னான். பாறை மேடையில் அந்தத் துருப்பிடித்த ஸ்டார்ட்டர் பெட்டி திறந்து கிடந்ததாம். எத்தனையோ காலமாக இறுகிப்போயிருந்த கைப்பிடி முழுக்கக் கீழே இறக்கப்பட்டிருந்ததாம்.

காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, குழந்தையக்கா மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தது. அவன் இளைத்துப் பாதியாகியிருந்தான். இசக்கிமுத்து தூண் ஓரத்தில் நின்றான். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"கண்ணு, ஆவணியில ஏன் போனாருன்னு கேட்டியல்லொ. அன்னைக்கு எனக்குச் சொல்லத் தெரியுல. அன்னைக்குக் கரண்டு இல்ல சாமி. எல்லாம் தானா அமந்து கெடந்துச்சு. அவரு அமத்தறதுக்கு ஒண்ணும் இல்ல. அதுனாலதான் மெயினத் தேடீட்டுப் போயிருக்கறாரு."

தரணீதரன் முகத்தை மூடிக்கொண்டான்.

"அந்த மேடை ஒரு ஆளு நிக்கற அளவுதான். பெட்டியப் புடிச்சுட்டு நின்னா உழுக மாட்டாங்க. அமத்தீட்டு, ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டிருப்பாரு." அக்கா குரல் உடையவில்லை, நான்தான் தேம்பினேன். "நீ வேணும்னா பண்ணுன? உன்னையச் சொல்லுல சாமி. இசக்கி, நீ எனக்கு ஒண்ணு பண்ணோணும். அந்தச் சுவிச்செல்லாம் மறுக்கா வேல செய்யறாப்பல பண்ணிக் குடுத்துட்டுப் போ."

அவன் அன்றைக்கே செய்து கொடுத்தான். வலையைக் கழற்றட்டுமா என்று கேட்டான். அது அப்படியே கிடந்தது.

கார்த்திகை பிறந்து வெயில் தெளிந்திருந்தது. ஒரு நாள் பொழுது சாயும் நேரம், நான் வாசலில் உட்கார்ந்து குழந்தைச் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தரணீதரன். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"ராணியக்கா, அம்மா எங்கீங்க? போன் எடுக்க மாட்டீங்கறாங்க. ஹால் போச்சுங்க. வாசல் போச்சுங்க. இப்பக் கட்டுத்தறியும் போச்சுங்கக்கா..."

கத்திரிக்கோலை எறிந்துவிட்டு ஓடினேன். சுருண்ட நரம்பு இழுத்தது, நொண்டிக்கொண்டே ஓடினேன். காதில் அவன் கத்திக்கொண்டே இருந்தான். மோட்டார் ரூம் மட்டும் பச்சையா இருக்குதுங்க, மோட்டார் ரூம் மட்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே லைட் போனது.

"அதும் போச்சுங்கக்கா!"

மோட்டார் ரூம் வாசலில் வந்து நின்றேன். உள்ளே அரை இருட்டில் குழந்தையக்கா சுவிட்ச் பக்கத்தில் நின்றது. இரண்டு கையாலும் அந்தப் பலகையைத் தொட்டது. கண்ணில் ஒற்றிக்கொண்டது. என்னைப் பார்த்துத் திடுக்கிட்டது.

"என்ன புள்ள, இப்படி மூச்சு வாங்கற?"

போனை நீட்டினேன். அதில் மகன் அம்மா, அம்மா என்று அழுதுகொண்டிருந்தான். அக்கா போனை வாங்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிணற்றுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னைத் தாண்டி வெளியே வந்தது.

"அவரு இல்லீன்னா ஆரு அமத்தறது? சோறு வெந்துருக்கும், நீயும் வா" என்றது.

நான் அதன் பின்னாலேயே நடந்தேன். கட்டுத்தறியைத் தாண்டியபிறகுதான் போனைக் காதில் வைக்க முடிந்தது.

"அழாத தம்பி" என்றேன். "வீட்டுக்குத்தான் திரும்பிப் போறாக."